ஐ.நா. அங்கீகாரம்: நடுவில் உட்கார்ந்திருப்பது யார்?

கார்த்திகை தீபம் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். கூட்டம் வடிந்து, திருவண்ணாமலை மறுபடி நம்ம ஊராக மாறும் நாட்கள் அவை. சாயங்காலம் கிரிவலப் பாதையில் நடந்துகொண்டிருந்தோம், நானும் ஒரு நண்பரும். அன்னதானப் பந்தல்களைப் பிரித்துவிட்டார்கள், பிளெக்ஸ் பேனர்கள் மட்டும் பாக்கி. அதில் ஒன்று ஏதோ ஒரு அறக்கட்டளையுடையது. நிறுவனர் படம், பெயருக்கு முன்னால் டாக்டர், கீழே கொட்டை எழுத்தில் "ஐ.நா. சபையின் அங்கீகாரம் பெற்றது". பக்கத்தில் ஆலிவ் இலைகளோடு அந்த நீலச் சின்னம்.

"ஐ.நா.வே அங்கீகாரம் குடுத்திருக்குன்னா பெரிய ஆளுங்கதானேப்பா?" என்றார் நண்பர்.

"இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் மண்டைக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது. நம் தொழில் புத்தி அப்படி. யாராவது "சான்றளிக்கப்பட்டது" என்று சொன்னால், யார் சான்றளித்தது, எந்த வெர்ஷன், எங்கே சரிபார்ப்பது என்று கை தானாகத் தேட ஆரம்பித்துவிடும். அன்று இரவே தேடினேன். ஐ.நா. தகுதி பெற்ற அமைப்புகளின் பட்டியல் இணையத்தில் பொதுவில் கிடைக்கிறது. பேனரில் பார்த்த பெயர் அதில் இல்லை. ஐ.நா.வின் தரவுத்தளத்தில் ஒரு புரொஃபைல் மட்டும் இருந்தது. புரொஃபைல் போடுவது எந்த அமைப்பும் செய்யக்கூடிய காரியம், தகுதி அல்ல. சின்னமோ, தகுதி பெற்ற அமைப்புகளேகூட அனுமதியில்லாமல் போடக்கூடாதது. 1946லேயே பொதுச்சபை இதற்கென்று ஒரு தீர்மானம் போட்டிருக்கிறது.

போலி பேனரோடு விஷயம் முடிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். அசல் தகுதி என்றால் என்ன என்று படிக்கப் போய்த்தான் சுவாரஸ்யம் ஆரம்பித்தது. நம் ஊரில் இதைப் பற்றி இரண்டு கட்சிதான் உண்டு. ஒரு கட்சிக்கு ஐ.நா. தொடர்பு என்றால் ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி. இன்னொரு கட்சிக்கு அது வெளிநாட்டுச் சதி. இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: தொண்டு நிறுவனம் ஒரு பக்கம், ஐ.நா. ஒரு பக்கம், இரண்டும் நேராகக் கை குலுக்கிக்கொள்கின்றன என்று இருவரும் நினைக்கிறார்கள். படித்துப் பார்த்ததில், அந்தப் படமே தப்பு. நடுவில் எப்போதும் ஒரு அரசு உட்கார்ந்திருக்கிறது. அந்த அரசை வைத்துப் பார்க்காமல் இந்த உறவைப் பற்றி நல்லதோ கெட்டதோ பேச முடியாது என்பதுதான் நான் வந்து சேர்ந்த இடம். எப்படி வந்தேன் என்று சொல்கிறேன்.

71ஆம் பிரிவு

1945இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் எழுதப்பட்டபோது, அமெரிக்க அரசு தன் குழுவுக்கு ஆலோசகர்களாக 42 அமைப்புகளை அழைத்திருந்தது. தொழிற்சங்கங்கள், மத அமைப்புகள், பெண்கள் அமைப்புகள், வணிகச் சங்கங்கள் என்று கலவையான கூட்டம். அவர்கள் கொடுத்த நெருக்குதலும் சேர்ந்துதான் சாசனத்தில் 71ஆம் பிரிவு வந்தது. சின்னப் பிரிவுதான், ஆனால் சொல் சொல்லாகப் படிக்க வேண்டியது.

அதன் சாரம் இது: ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றம், அதாவது எக்கோசாக், தன் வேலைக்குட்பட்ட விஷயங்களில் அரசு சாரா நிறுவனங்களோடு கலந்தாலோசிக்கத் தகுந்த ஏற்பாடுகளைச் செய்துகொள்ளலாம். பன்னாட்டு அமைப்புகளோடு செய்யலாம். பொருத்தமான இடத்தில், சம்பந்தப்பட்ட உறுப்பு நாட்டைக் கலந்துகொண்ட பிறகு, உள்நாட்டு அமைப்புகளோடும் செய்யலாம்.

மூன்று இடத்தைக் கவனியுங்கள். ஒன்று, "செய்துகொள்ளலாம்". கட்டாயம் இல்லை. இரண்டு, "கலந்தாலோசனை". இதற்கு முந்தைய 69, 70ஆம் பிரிவுகள் உறுப்பு நாடுகளையும் ஐ.நா.வின் சிறப்பு முகமைகளையும் பற்றிப் பேசுகின்றன. அங்கே வரும் சொல் "வாக்கில்லாமல் பங்கேற்பு". தொண்டு நிறுவனத்துக்கு வரும்போது பங்கேற்பு போய், ஆலோசனை ஆகிவிடுகிறது. இது தற்செயல் இல்லை. இன்று நடைமுறையில் இருக்கும் 1996ஆம் ஆண்டின் 31ஆம் எண் எக்கோசாக் தீர்மானம் இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லி, இதை மங்கவிடக் கூடாது என்கிறது. மூன்று, "உறுப்பு நாட்டைக் கலந்துகொண்ட பிறகு". நடுவில் ஒரு நாற்காலி போடப்பட்டது 1945லேயே என்று சொல்ல வந்தேன்.

அந்தத் தீர்மானம் மூன்று வகைத் தகுதி சொல்கிறது: பொது, சிறப்பு, பட்டியல். பொதுத் தகுதி இருந்தால் நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம், மன்றத்துக்கு 2,000 சொல் வரை எழுத்து மூலம் அறிக்கை தரலாம். சிறப்புத் தகுதிக்கு 500 சொல். பட்டியலில் இருப்பவர்கள் கூப்பிட்டால் சொல்லலாம். பொது, சிறப்பு இரண்டும் நாலு வருஷத்துக்கு ஒருமுறை என்ன செய்தோம் என்று அறிக்கை தர வேண்டும், தராவிட்டால் தகுதி நிறுத்தப்படும். இன்று 6,000க்கும் மேற்பட்ட அமைப்புகள் இதில் இருக்கின்றன. விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஐ.நா. ஒரு பைசா நிதியும் தராது.

நம் பாஷையில் சொன்னால் இது படிக்கும் அனுமதி, கருத்து எழுதும் அனுமதி. கோடை மாற்றும் அனுமதி இல்லை. "அங்கீகாரம்" என்று தமிழில் சொல்லும்போது "இவர்கள் நல்லவர்கள் என்று ஐ.நா. சொல்லிவிட்டது" என்ற பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது. அசலில் அது ஒரு நுழைவுச்சீட்டு, அவ்வளவுதான்.

பதினைந்து வருஷம் பெஞ்சில்

சரி, அந்தச் சீட்டைக் கொடுப்பது யார்? ஐ.நா. அதிகாரிகள் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. 19 நாடுகள் கொண்ட ஒரு குழு. பெயர் அரசு சாரா நிறுவனங்களுக்கான குழு, ஆனால் உள்ளே இருப்பது அத்தனையும் அரசுகள். உறுப்பு நாடுகளை எக்கோசாக் நாலு வருஷத்துக்கு ஒருமுறை பிராந்திய வாரியாகத் தேர்ந்தெடுக்கிறது. வருஷத்துக்கு இரண்டு முறை கூடி விண்ணப்பங்களைப் பார்க்கிறது. யாராவது ஒரு நாடு ஒரு கேள்வி கேட்டால் போதும், விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். பதில் வந்ததும் மறுபடி ஒரு கேள்வி கேட்கலாம். எத்தனை முறை கேட்கலாம் என்பதற்கு வரம்பு இல்லை. மென்பொருள் வேலை பார்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த வித்தை. டிக்கெட்டை நிராகரித்தால் காரணம் சொல்ல வேண்டும். "மேலும் விவரம் தேவை" என்று போட்டு வைத்தால் யாரும் கேட்க முடியாது.

இதன் உச்சகட்ட உதாரணம் நம் நாட்டோடு சம்பந்தப்பட்டது. பன்னாட்டு தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு 2000இல் தொடங்கப்பட்டது, அலுவலகம் டென்மார்க்கின் கோபன்ஹேகனில். சாதி அடிப்படையிலான பாகுபாட்டை ஐ.நா. அரங்குகளில் பேசுவதுதான் அதன் வேலை. 2007இல் தகுதிக்கு விண்ணப்பித்தது. 2008இல் முதல்முறை விண்ணப்பம் பரிசீலனைக்கு வந்தது. அப்போது தொடங்கிய ஒத்திவைப்பு 2022 வரை நீண்டது. கேள்விகளைக் கேட்டது இந்தியா, நூற்றுக்கும் மேலே. கடைசியில் குழுவைத் தாண்டி, 2022 டிசம்பரில் எக்கோசாக் மன்றத்திலேயே அமெரிக்கா ஒரு வரைவைக் கொண்டுவந்து, இப்படித் தேங்கிக் கிடந்த ஒன்பது அமைப்புகளுக்கு வாக்கெடுப்பில் தகுதி கிடைத்தது. ஒரு பிள்ளை எல்.கே.ஜி. சேர்ந்து பிளஸ் டூ முடிக்கும் காலம்.

இந்திய அரசின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சாதி இனமல்ல, அதை இனப் பாகுபாட்டோடு சேர்க்கக்கூடாது. தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்திருக்கிறது, 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இது உள்நாட்டு விவகாரம். 2001இல் டர்பனில் நடந்த இனவெறிக்கு எதிரான உலக மாநாட்டில் அரசு இதைத்தான் சொன்னது, தலித் அமைப்புகள் பெரிய அளவில் அங்கே போய் நின்றும் இறுதிப் பிரகடனத்தில் சாதி என்ற சொல் வரவில்லை. இதில் ஒரு முரண். 1965இன் இனப் பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையின் முதல் பிரிவில் இனம், நிறம் இவற்றோடு "வம்சாவளி" என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. வரைவின்போது அந்தச் சொல்லைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். அந்தச் சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்று அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் நிபுணர் குழு 1996இல் இந்தியா பற்றிய தன் முடிவுரையில் சொன்னது, 2002இல் பொதுப் பரிந்துரையாகவே வெளியிட்டது.

ஒரு அரசு கேள்வி கேட்பதில் தப்பில்லை. பணம் எங்கிருந்து வருகிறது, யார் நடத்துகிறார்கள் என்று கேட்பது நியாயம். ஆனால் பதினைந்து வருஷமாக நூறு கேள்வி கேட்பவருக்குப் பதில் தேவைப்படவில்லை. யாரைப் பற்றிய புகாரோ அவரே வாசலில் சீட்டுக் கொடுக்கும் ஏற்பாடு இது. இந்தியாவை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. தங்களைப் பற்றிப் பேசும் அமைப்புகளை இதே உத்தியால் நிறுத்திவைக்கும் நாடுகள் அந்த மேசையில் வேறு பலவும் உண்டு.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று: அந்தப் பதினைந்து வருஷமும் அந்த அமைப்பு சும்மா இருக்கவில்லை. உடன்படிக்கைகளைக் கண்காணிக்கும் நிபுணர் குழுக்களுக்கு மாற்று அறிக்கை அனுப்ப எக்கோசாக் தகுதி தேவையே இல்லை. ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை அலசும் உலகளாவிய காலமுறை மீளாய்வுக்கும் யார் வேண்டுமானாலும் தகவல் அனுப்பலாம். இந்தியாவின் முறை 2008, 2012, 2017, 2022இல் வந்தது. 2016இல் சிறுபான்மையினருக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ரீட்டா இசாக் சாதி குறித்தே தனி அறிக்கை கொடுத்தார். 2017இல் ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் வம்சாவளிப் பாகுபாடு பற்றி ஒரு வழிகாட்டிக் கையேடு வெளியிட்டது. அதாவது நாம் "ஐ.நா." என்று ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு ஆட்கள். ஒன்று நாடுகளின் சங்கம். இன்னொன்று அதன் அலுவலர்களும் சுயேச்சை நிபுணர்களும். முதல் ஆள் கதவைச் சாத்தி வைத்திருந்த அதே காலத்தில் இரண்டாவது ஆள் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஜன்னல் வழியாகக் கேட்பவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது.

செத்தவர் வந்துபோன சபை

கதவு இத்தனை கெட்டியாக இருந்தால் உள்ளே இருப்பவர்கள் எல்லாம் சுத்தமானவர்களாக இருக்க வேண்டுமே? அதுவும் இல்லை. பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த ஈயு டிஸ்இன்ஃபோலேப் என்ற ஆய்வு அமைப்பு 2020 டிசம்பரில் ஒரு அறிக்கை வெளியிட்டது. ஐ.நா. தகுதி பெற்று, பின்னால் செயலிழந்துபோன பழைய அமைப்புகளின் பெயர்களை யாரோ எடுத்து உயிர்ப்பித்து, மனித உரிமை மன்றத்தில் பாகிஸ்தானுக்கு எதிராகப் பேசப் பயன்படுத்தினார்கள் என்பது அதன் குற்றச்சாட்டு. அதில் ஓர் அமைப்பு 1970களிலேயே ஓய்ந்துபோனது. அதன் முன்னாள் தலைவரான சட்டப் பேராசிரியர் லூயிஸ் சோன் 2006இல் இறந்தார். அவர் பெயர் 2007 கூட்டத்தின் பங்கேற்பாளர் பட்டியலில் இருந்தது என்று அறிக்கை காட்டியது. இந்திய வெளியுறவு அமைச்சகம், பொய்ப் பிரசாரத்தில் இந்தியா ஈடுபடுவதில்லை என்று மறுத்தது.

அதை நடத்தியது யார் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்கு முக்கியம் அந்த ஏற்பாட்டின் ஓட்டை. உயிரோடு இருக்கிற ஒரு வலையமைப்பு நூறு கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டு வெளியே நிற்க, செத்துப்போன ஓர் அமைப்பின் சீட்டு உள்ளே செல்லுபடியாகிறது. ஆக, தகுதி இருப்பது நல்ல அமைப்பு என்பதற்கு ஆதாரம் இல்லை. இல்லாதது கெட்ட அமைப்பு என்பதற்கும் ஆதாரம் இல்லை. பேனரைப் பார்த்து நண்பர் கேட்ட கேள்விக்கு இப்போதைக்கு இதுதான் பதில்.

பக்கத்து மாவட்டத்தில் நடந்தது

நியூயார்க், ஜெனீவா என்று பேசினால் தூரமாகத் தெரியும். இந்த உறவின் இன்னொரு வடிவம் நம் வீட்டு வாசலில் நடந்தது, நாம் அதை அப்படிப் பார்த்ததில்லை. மகளிர் சுய உதவிக் குழு.

தமிழ்நாட்டில் அரசு சார்பில் இது தொடங்கியது 1989இல், தர்மபுரி மாவட்டத்தில். செங்கம் தாண்டி ஊத்தங்கரைப் பக்கம் போனால் அன்றைய தர்மபுரி மாவட்டம்தான். பணத்தில் ஒரு பங்கு ரோமில் இருக்கும் ஐ.நா. முகமையான ஐஃபாட், அதாவது வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியம் தந்த கடன். நடத்தியது தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம். கடன் கொடுக்க இந்தியன் வங்கி. ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டி உட்கார வைத்து, கணக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தது தொண்டு நிறுவனங்கள். பின்னால் சேலம், தென்னாற்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று விரிந்தது. 1997-98இல் மாநில அரசின் சொந்த நிதியில் மகளிர் திட்டம் என்று எல்லா மாவட்டத்துக்கும் வந்தது.

இங்கே தொண்டு நிறுவனம் மனு கொடுக்கும் ஆள் இல்லை, வேலை செய்யும் ஆள். பலன் இருந்ததா? இருந்தது, நம் அம்மாக்களையும் அத்தைகளையும் கேட்டால் தெரியும். ஆனால் கட்டமைப்பைப் பாருங்கள். ஐஃபாட் கடன் கொடுப்பது அரசுக்கு. அரசு தொண்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும். வேலை கற்றுக்கொண்டதும் அரசு தன் ஆட்களை வைத்து அதைச் செய்யும். 2005இல் உலக வங்கி உதவியோடு வந்த புதுவாழ்வுத் திட்டத்தில் பணம் நேராக ஊர் அளவிலான கிராம வறுமை ஒழிப்புச் சங்கங்களுக்கே போனது. இது தப்பு என்று நான் சொல்லவில்லை, ஒரு விதத்தில் அதுதான் சரி. ஆனால் இந்த உறவுக்கு "கூட்டாண்மை" என்று பெயர் வைப்பதுதான் உறுத்துகிறது. சப் கான்ட்ராக்ட் எடுத்தவர் நல்ல வேலை செய்யலாம், வேலை எது என்பதை முடிவு செய்வது அவர் இல்லை. நடு நாற்காலி இங்கேயும் காலியாக இல்லை.

ரோமுக்கு முப்பது வருஷம்

அப்படியானால் எதுவுமே நடக்காதா? நடந்த ஒரு கதை இருக்கிறது, அதுவும் சென்னையில் அலுவலகம் வைத்திருக்கும் ஓர் அமைப்பின் கதை. படித்ததில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், மனசைப் பிசைந்ததும் இதுதான்.

1984இல் உணவு, வேளாண்மை அமைப்பு, அதாவது எஃப்.ஏ.ஓ., ரோமில் மீன்வளம் குறித்து உலக மாநாடு நடத்தியது. அரசுகள் வந்தன, நிபுணர்கள் வந்தார்கள். மீன் பிடிப்பவர்களுக்கென்று அங்கே இடமில்லை. அதனால் அதே ஊரில், அதே ஜூலையில், முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் மீன்பிடித் தொழிலாளர்களும் அவர்களுக்கு ஆதரவானவர்களும் தனியாக ஒரு மாநாடு கூட்டினார்கள். அதன் தொடர்ச்சியாக 1986இல் திருவனந்தபுரத்தில் பிறந்ததுதான் ஐ.சி.எஸ்.எஃப். பெயரைத் தமிழில் சொன்னால் மீன்பிடித் தொழிலாளர்களுக்கு ஆதரவான பன்னாட்டுக் கூட்டமைப்பு. "ஆதரவான" என்ற சொல் முக்கியம். நாங்கள் மீனவர்களின் பிரதிநிதி என்று அது சொல்லிக்கொள்ளவில்லை. பிரதிநிதிகளாகத் தேசிய மீன்பிடித் தொழிலாளர் பேரவை போன்ற சங்கங்கள் இருந்தன. இவர்கள் செய்தது ஆவணம் சேர்ப்பது, சட்டங்களைத் தொகுப்பது, சமுத்ரா என்ற இதழை நடத்துவது, கூட்டங்களில் உட்கார்ந்து வரி வரியாக வரைவுகளைப் படிப்பது. கவர்ச்சி இல்லாத வேலை. நம் துறையில் டாக்குமெண்டேஷன் எழுதுபவர்களை யாரும் கொண்டாடாத மாதிரி.

2008இல் பாங்காக்கில் சிறு அளவிலான மீன்பிடிப்புக்கென்று எஃப்.ஏ.ஓ. உலகக் கருத்தரங்கு நடத்தியது. 2011இல் அதன் மீன்வளக் குழு, இதற்கெனத் தனி வழிகாட்டுதல்கள் எழுதலாம் என்று முடிவு செய்தது. 120க்கும் மேற்பட்ட நாடுகளில் 4,000க்கும் அதிகமானோரிடம் கலந்தாலோசித்ததாக எஃப்.ஏ.ஓ. சொல்கிறது. பிறகு 2013 மே, 2014 பிப்ரவரி என இரண்டு சுற்று ரோமில் அரசுகளுக்கிடையே பேச்சுவார்த்தை. மீனவர் அமைப்புகளுக்கு அங்கே பார்வையாளர் இடம். அரசுகள் பேசிய பிறகு பேசலாம். வரைவில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால், ஏதாவது ஒரு நாடு அதைத் தன் வரியாக எடுத்துப் பேச வேண்டும். புல் ரிக்வெஸ்ட் போடுவது மாதிரி: திருத்தத்தை எழுதி நீட்டலாம், உள்ளே எடுத்துக்கொள்வது உரிமை உள்ளவர் கையில்.

அப்படியும் பல வரிகள் உள்ளே போயின. மனித உரிமையை அடிப்படையாகக் கொண்ட அணுகுமுறை ஆவணத்தின் முதுகெலும்பானது. கடல் மட்டுமில்லை, உள்நாட்டு நீர்நிலைகளும் சேர்க்கப்பட்டன. மீன்பிடிப்பு என்றால் படகில் போகிற ஆண் மட்டும் இல்லை. வலை பின்னுவது, மீனைக் காய வைப்பது, கூடையில் சுமந்து விற்பது எல்லாம் அதில் அடக்கம், அதைச் செய்யும் பெண்களும் மீன்பிடித் தொழிலாளர்களே என்று எழுதப்பட்டது. பாலினச் சமத்துவத்துக்குத் தனி அத்தியாயம்.

இந்த வேலையின் மையத்தில் இருந்தவர்களில் ஒருவர் ஐ.சி.எஸ்.எஃப்.பின் செயலாளராகச் சென்னையில் இருந்த சந்திரிகா சர்மா. 2014 மார்ச்சில் மங்கோலியாவின் உலான்பாட்டரில் எஃப்.ஏ.ஓ.வின் ஆசிய பசிபிக் மாநாடு. அதற்காகக் கோலாலம்பூர் வழியாகப் பெய்ஜிங் போகக் கிளம்பினார். மார்ச் 8 அன்று அவர் ஏறிய விமானம் எம்.எச். 370. மூன்று மாதம் கழித்து, 2014 ஜூனில் மீன்வளக் குழு வழிகாட்டுதல்களை ஏற்றுக்கொண்டது. அந்த ஆவணம் அவர் நினைவுக்குச் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது. நாடுகளின் பேரம் முடிந்து வெளிவரும் ஒரு ஐ.நா. ஆவணத்தின் முகப்பில், சென்னையிலிருந்து வேலை பார்த்த ஒரு தொண்டு நிறுவனப் பெண்ணின் பெயர். மீனவர்களுக்கு இடமில்லாத 1984 மாநாட்டிலிருந்து சரியாக முப்பது வருஷம்.

ஒரு கதவு ஏன் திறந்தது, இன்னொன்று ஏன் திறக்கவில்லை?

இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஐ.சி.எஸ்.எஃப். திறமையானது, தலித் வலையமைப்பு திறமையில்லாதது என்று யாராவது சொன்னால் அது அபத்தம். வித்தியாசம் கொண்டுபோன சரக்கில் இருக்கிறது. ஐ.சி.எஸ்.எஃப். கொண்டுபோனது எஃப்.ஏ.ஓ.விடம் இல்லாத அறிவு. எந்தவொரு அரசையும் பெயர் சொல்லிக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. வலையமைப்பு கொண்டுபோனது புகார். அறிவைக் கொண்டுவருபவரை அரசுகள் பொறுத்துக்கொள்ளும். புகாரைக் கொண்டுவருபவரைப் பொறுக்காது. இந்தக் கூட்டுறவு பற்றி எழுதும் ஆய்வுகளும் கையேடுகளும் "வெற்றிக் கதைகளை" அடுக்கும்போது இந்த ஒரு வடிகட்டியைச் சொல்லாமல் விடுவது என் முக்கியமான மனக்குறை. வெற்றிப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் அரசுகள் அனுமதித்த வெற்றிகள்.

அந்த வெற்றிக்கும் விலை உண்டு. அது ஆவணத்தின் தலைப்பிலேயே இருக்கிறது: தன்னார்வ வழிகாட்டுதல்கள். விருப்பப்பட்ட அரசு கடைப்பிடிக்கலாம், கடைப்பிடிக்காத அரசை எந்த நீதிமன்றமும் கேட்காது. "தன்னார்வ" என்பதை எடுத்திருந்தால் ஆவணமே வந்திருக்காது என்று வாதிடலாம், உண்மைதான். முப்பது வருஷ உழைப்புக்குக் கிடைத்தது ஒரு சட்டம் இல்லை, சட்டம் கேட்பவர்கள் சுட்டிக்காட்ட ஒரு பக்கம். அந்தப் பக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சுட்டிக்காட்ட ஒன்றுமே இல்லாமல் பேசுவதற்கும், "உங்கள் பிரதிநிதிகள் ரோமில் ஒத்துக்கொண்டது இது" என்று பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அதைச் சுட்டிக்காட்ட யாராவது இருக்க வேண்டும்.

சாத்தனூர்

போன மாதம் குடும்பத்தோடு சாத்தனூர் அணைக்குப் போயிருந்தோம். இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் கட்டி முடித்த அணை. அங்கே போய் மீன் வறுவல் சாப்பிடாமல் வருபவர்கள் குறைவு. ஒரு கடையில் அந்தம்மா மசாலா தடவிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பாம். வெயில், புகை, ஒதுங்க இடமில்லை, தண்ணீர் தூக்கி வர வேண்டும். அணைக்கு வருகிற கூட்டத்தைப் பொறுத்துத்தான் வருமானம்.

அந்த வழிகாட்டுதல்களின் ஏழாவது அத்தியாயம் இவரைப் பற்றியது. உள்நாட்டு நீர்நிலை, பிடித்த பிறகான வேலை, பெண். மீனைப் பதப்படுத்தி விற்கும் வேலையில் இருக்கும் பெண்களுக்குத் தேவையான வசதிகள் கிடைப்பதை அரசுகள் உறுதிப்படுத்த வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. ரோமில் ஒரு வரி இவருக்காக எழுதப்பட்டிருக்கிறது, பத்து வருஷத்துக்கும் மேல் ஆகிறது. "உங்களைப் பத்தி ஐ.நா.வுல எழுதியிருக்காங்கம்மா" என்றேன். சிரித்தார். "எழுதி என்ன தம்பி, அந்த ஷீட்டு கூரையை யாராவது மாத்திக் குடுத்தா பரவால்ல" என்றார்.

நண்பரின் கேள்விக்கு ஒரு நேர் பதில் சொல்லி முடிக்கிறேன். ஐ.நா. தொடர்பைச் சொல்லி உங்களிடம் யாராவது வந்தால், நன்கொடை கேட்டாலும் சரி, விருது கொடுத்தாலும் சரி, மூன்று கேள்வி கேளுங்கள். எந்த முகமை, எந்த வகைத் தகுதி, எந்த வருஷம்? பட்டியலில் சரிபார்க்க ஐந்து நிமிஷம் போதும். அங்கே போய் என்ன எழுதிக் கொடுத்தீர்கள்? தகுதி பெற்ற அமைப்புகள் மன்றங்களுக்குத் தரும் அறிக்கைகள் ஐ.நா. ஆவணமாக எண் போட்டு வெளியாகின்றன, மறைக்க முடியாது. மூன்றாவது, யார் பெயரைச் சொல்லிப் பேசினீர்களோ அவர்களுக்கு அது தெரியுமா?

பேனர் அறக்கட்டளைகள் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். உயிர்ப்பிக்கப்பட்ட செத்த அமைப்புகள் இரண்டாவதையும் தாண்டிவிடும், அறிக்கை எழுதுவதுதானே அவர்கள் வேலை. மூன்றாவது கேள்வி நல்லவர்களுக்கும் கஷ்டமானது. சாத்தனூர் அம்மாவிடம் அந்த ஏழாவது அத்தியாயத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது ரோம் இல்லை, சென்னையில் இருக்கும் ஓர் அமைப்பு மட்டும் தனியாகவும் இல்லை. நடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அரசிடம் அதை எடுத்து நீட்டிக் கேட்க இங்கே, இந்த மாவட்டத்தில், ஒரு சங்கமோ ஒரு பஞ்சாயத்து உறுப்பினரோ வேண்டும். அடுத்த முறை அணைக்குப் போகும்போது அந்த அத்தியாயத்தின் சாரத்தைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி அச்சடித்து எடுத்துப்போவதாக இருக்கிறேன். கூரை மாறாது. ஆனால் யாரிடம் கேட்பது, எதைக் காட்டிக் கேட்பது என்பதாவது அவர் கையில் இருக்கும்.